பிடி அரிசி கேட்டு ஒரு மடல்

எங்கள் எண்ணைக் கைப்பேசியில் ‘நாய் வண்டி’ என்றோ ‘நாய் டிரஸ்ட்’ என்றோ சேமித்து வைத்திருக்கும் திண்டுக்கல் சுற்றுவட்டார மக்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் பலரை நான் நேரில் பார்த்ததில்லை. குரலைக் கேட்டிருக்கிறேன். இரவு பதினொரு மணிக்கு நால்வழிச் சாலை ஓரம் பைக்கை நிறுத்திவிட்டு, “அக்கா, இன்னும் மூச்சு இருக்கு, நான் பக்கத்துலயே நிக்கிறேன், சீக்கிரம் வாங்க” என்ற தம்பியின் குரல். டியூஷன் விட்டு வரும் வழியில் சாக்கடைக்குள் குட்டி கத்துவதைக் கேட்டு, அம்மாவின் போனை வாங்கிப் பேசிய சிறுமியின் குரல். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகும் கூட்டத்தின் பின்னாலேயே எந்த ஊரிலிருந்தோ வந்து, பாதம் தேய்ந்து, ரெட்டியார்சத்திரம் பக்கம் படுத்துவிட்ட நாய்க்காகப் பேசிய பாதயாத்திரைக்காரர் ஒருவரின் குரல். மாலை போட்டிருந்த அவர், அந்த நாயை விட்டுவிட்டு மலையேற மனம் வரவில்லை என்று சொல்லி, எங்கள் வண்டி வரும்வரை இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நீங்கள் அழைக்காவிட்டால் எங்களுக்கு வேலையே இல்லை. அதை மறக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

நான் இந்த அறக்கட்டளையின் கணக்கு எழுதுகிறவள். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றபின், இங்கே நாள்வழியும் பேரேடும் என் பொறுப்பு. நாயைப் பிடிக்கவோ கட்டுப் போடவோ எனக்கு அவ்வளவாகத் தெரியாது. எந்த மாதம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எந்தக் கடையில் எவ்வளவு பாக்கி என்பது தெரியும். உங்களிடம் பணம் கேட்கத்தான் இந்த மடல். ஆனால் இதுவரை கேட்ட விதத்தில் இனி கேட்கப் போவதில்லை. ரத்தமும் சதையுமாகக் கிடக்கும் உயிரைப் படம் எடுத்துப் போட்டு, கீழே ஜிபே எண் கொடுத்துக் கேட்பதை வருகிற மாதத்தோடு நிறுத்துகிறோம். ஏன் என்பதை உங்களிடம் சொல்லாமல் நிறுத்துவது முறையல்ல.

போன ஆனி மாதம் சுங்கச்சாவடி தாண்டி ஒரு செவலை நாய் கிடந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. முன்னங்கால்களால் இழுத்து இழுத்து ஓரத்துக்கு வந்திருந்தது. அது வந்த தடம் தாரில் தெரிந்தது. சாக்கை விரித்து அதைக் கிடத்தும்போது எங்கள் பையன் ஒருவன் ஒரு படம் எடுத்தான். அந்த நாய் நேராகக் கேமராவைப் பார்த்தது. அந்தப் பார்வைதான் அன்று இரவு உங்கள் எல்லோரையும் வந்து சேர்ந்தது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் இருநூற்றுச் சொச்சம் பேர் பணம் அனுப்பியிருந்தீர்கள். பத்து ரூபாய் அனுப்பி, “இப்போதைக்கு இதுதான் இருக்கு” என்று எழுதியிருந்த கல்லூரி மாணவர் முதல், பெயர் சொல்லாமல் ஐயாயிரம் அனுப்பியவர் வரை.

எக்ஸ்ரேயில் முதுகுத்தண்டு முறிந்து விலகியிருந்தது தெரிந்தது. சிறுநீர் தானாகப் பிரியவில்லை. மூன்றாம் நாள் ஊசிக்கும் அடங்காமல் வலியில் கத்த ஆரம்பித்தது. இரண்டு மருத்துவர்களிடம் தனித்தனியே கேட்டோம். இருவரும் ஒன்றையே சொன்னார்கள். அன்று மாலை ஊசி போட்டு உறங்க வைத்தோம். அதன் தலை என் மடியில் இருந்தது.

செவலைக்கு ஆன செலவு நாலாயிரத்துச் சொச்சம். வந்திருந்த பணம் அதைப்போல பத்து மடங்கு. அது செவலையின் பெயரில் வந்த பணம். வேறு எதற்கும் தொடக்கூடாது என்று நான் சொன்னேன். அனுப்பிய ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்பினோம்: நாய் பிழைக்கவில்லை, மீதிப் பணத்தைத் திருப்பி அனுப்பட்டுமா, மற்ற உயிர்களுக்குச் செலவழிக்கட்டுமா என்று. பெரும்பாலோர் “மத்ததுக்கு வச்சுக்கோங்க” என்றீர்கள். சிலர் பதில் சொல்லவில்லை. ஒருவர் மட்டும், “காசை வாங்கிக்கிட்டு கொன்னுட்டீங்களா?” என்று கேட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். படத்தைக் காட்டி, பணம் கொடுத்தால் இது எழுந்து நடக்கும் என்று அவரை நம்ப வைத்தது நாங்கள்தான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அதே வாரம் அரிசிக் கடையில் எங்களுக்கு இரண்டு மாதப் பாக்கி. கடைக்காரர் நல்ல மனிதர், வாய்விட்டுக் கேட்கமாட்டார். எங்கள் ஆட்டோ போனால் கல்லாவில் குனிந்துகொள்வார். செவலைக்காக வங்கியில் பணம் இருக்கிறது, ஐம்பத்து நான்கு நாய்களுக்கு நாளைக்குப் போட நொய் இல்லை. இந்த நிலையை எந்தப் படத்தில் எடுத்துக் காட்டுவது? காலியான அரிசிப் பீப்பாயைப் படம் பிடித்துப் போட்டால் யாருக்கு மனம் இளகும்?

எங்கள் கணக்கைத் திறந்து காட்டுகிறேன். இன்றைய தேதியில் இங்கே 54 நாய்கள், 7 பூனைகள், ரயிலில் அடிபட்டு ஒரு முன்னங்கால் போன ஓர் ஆடு. இவற்றில் முக்கால்வாசி திரும்பத் தெருவில் விட முடியாதவை. மூன்று காலோடு நிற்பவை, கண் தெரியாதவை, டிஸ்டெம்பர் வந்து பிழைத்தும் தலை ஆட்டம் நிற்காதவை. வந்த புதிதில் இவற்றுக்கும் படம் போட்டோம், நீங்களும் கொடுத்தீர்கள். பிழைத்த பிறகு அவை பத்து வருடம் உயிரோடு இருக்கும். பிழைத்தது ஒரு நாள் செய்தி; அதன்பின் தினமும் இரண்டு வேளை சோறு, மாதம் தவறாமல் உண்ணிக்கு மருந்து, வருடம் தவறாமல் தடுப்பூசி.

மாதம் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் ஆகிறது. பெரிய செலவு சோறு. அடுத்தது மருந்தும் மருத்துவர் கட்டணமும். அதற்கடுத்து, வேலை செய்யும் இரண்டு பெண்களின் சம்பளம், இடத்து வாடகை, ஆட்டோவுக்கு டீசல். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தெரிந்தவர்கள் விலைபோகாத கேரட்டையும் பூசணியையும் கொடுப்பதால் காய்ச் செலவு இல்லை. கறிக்கடைகளில் கோழித் தலை, கால், ஈரல் மலிவாகக் கொடுக்கிறார்கள். அப்படியும் இவ்வளவு.

சம்பளம் என்றதும் உங்களில் சிலருக்கு முகம் மாறும் என்று எனக்குத் தெரியும். “நாய்க்குத்தான் காசு கொடுத்தோம், ஆளுக்குச் சம்பளம் கொடுக்க இல்ல” என்று நேரிலேயே சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொல்பவர்கள் ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு வந்து பார்க்க வேண்டும். எங்கள் சமையல்கார அக்கா அதற்கு முன்பே விறகைப் பற்றவைத்திருப்பார். பெரிய அண்டாவில் பதினைந்து கிலோ நொய். மஞ்சள் தூள் உண்டு. உப்பு கிடையாது. வெங்காயம் அறவே கிடையாது, அது நாய்க்கு விஷம். கொதி வரும்போது கோழிக் கழிவைக் கொட்டி, இரண்டு கையாலும் துடுப்புப் போட்டுக் கிண்ட வேண்டும். ஆறிய பிறகு ஒவ்வொரு தட்டிலும் பிசைந்து பிசைந்து எலும்பைத் தடவிப் பார்ப்பார். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையில் குத்தும் என்பதால், அவர் விரல்கள் அந்தச் சோற்றுக்குள் எப்போதும் எதையோ தேடிக்கொண்டே இருக்கும். பல் இல்லாத கிழடுகளுக்குத் தனியாகக் குழைத்து ஊட்டுவார். அதன்பின் அறுபது உயிர்களின் மலமும் மூத்திரமும் அள்ளிக் கழுவி, ஃபினாயில் போட்டு, மறுபடி சாக்கு விரிக்க வேண்டும். இரண்டு முறை கடிபட்டிருக்கிறார். முதுகுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வருகிறார். அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். மாதா மாதம் அவருக்குக் கொடுக்கும் தொகையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு குறைவு. அவரை நம்பித்தான் இந்த இடம் நிற்கிறது. அவர் சம்பளம் நாய்க்கான செலவு இல்லை என்றால், வேறு எதுவும் நாய்க்கான செலவு இல்லை.

படம் போட்டுக் கேட்பதில் உள்ள தப்பு, செவலைக்கு முன்பே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கணக்கிலேயே அது எழுதியிருந்தது. புழு வைத்த புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். காதோரம் ஒரு சின்னக் கடி. ஈ முட்டையிட்டு ஒரு நாள் ஆன நிலையில் அந்த நாய் எங்கள் கைக்கு வந்தால், முடியை வழித்து, மருந்து ஊற்றி, வெளியே தலை நீட்டுகிற புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, பொடி தூவி அனுப்பிவிடலாம். ஒரு மணி நேர வேலை, நூறு இருநூறு ரூபாய்ச் செலவு. அதே புண் ஒரு வாரம் கழிந்தால் காது போயிருக்கும். பத்து நாள் கழிந்தால் மண்டை எலும்பு தெரியும். ஒரு மாதம் கூண்டில் வைத்து, நாள்தோறும் கட்டு மாற்றி, ஆன்டிபயாடிக்கும் டிரிப்பும் ஏற்றி, ஆயிரக்கணக்கில் செலவழித்தும் பிழைக்கும் என்ற உறுதியில்லை. இந்த இரண்டில் எதற்குப் பணம் வரும் என்று நினைக்கிறீர்கள்? ஒருநாள் புண்ணுக்குப் படமே இல்லை. மண்டை எலும்பு தெரியும் படத்துக்கு ஒரே இரவில் பணம் கொட்டுகிறது. ஆக, படம் எடுக்கிற அளவுக்குப் புண் முற்றும்வரை நாங்கள் காத்திருப்பது போலாகிவிட்டது. யாரும் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை. ஆனால் டீசலுக்குக் காசில்லாத ஒரு வாரத்தில் எந்த அழைப்புக்கு முதலில் போவது என்று முடிவெடுக்கும்போது, மோசமான புண்ணுக்குத்தான் வண்டி போகிறது. சின்னப் புண் அடுத்த வாரம் மோசமான புண்ணாக வந்து சேர்கிறது.

கையில் எப்போதும் கொஞ்சம் பணம் இருந்தால் இந்தச் சக்கரத்தை நிறுத்தலாம். நான் கேட்பது அந்தக் கொஞ்சத்தைத்தான்.

இதே கதைதான் கருத்தடையிலும். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தெருநாய்களைக் கண்டு பயப்படுகிறவர்களும் இந்த மடலைப் படிப்பார்கள். அவர்கள் பயம் நியாயமானது. வெறிநோய் அறிகுறி தெரிந்தபின் மனிதரைக் காப்பாற்ற மருத்துவத்தில் ஏறக்குறைய வழியே இல்லை. மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் மூலம்தான். கடித்தால் உடனே சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள், அங்கே ஊசி இலவசம், ஒரு தவணையைக் கூட விடாதீர்கள் என்று எங்களை அழைக்கும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறோம். ஆனால் கடி நடப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் அங்கே நோய் பரவுவது அறுந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த 70 சதவீதம் நிலைக்க வேண்டுமானால் கருத்தடையும் கூடவே நடக்க வேண்டும். ஒரு பெட்டை நாய் வருடத்துக்கு இரண்டு ஈற்று வரை ஈனும். இரண்டு மாதத்தில் பிரசவம், ஈற்றுக்கு நான்கோ ஆறோ குட்டிகள். அவற்றில் பாதிக்கு மேல் பார்வோ வந்தோ சக்கரத்தில் சிக்கியோ சாகும். சாகாதவை அடுத்த வருடம் ஈனும்.

2023-இல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு. விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்புகள்தான் அறுவை சிகிச்சை செய்யலாம். எங்களைப் போன்ற சின்ன அமைப்பு செய்யக்கூடியது, நாயைப் பழக்கி, வலை போடாமல் கையால் பிடித்து, கொண்டுபோய் ஒப்படைத்து, காதில் அடையாள வெட்டோடு திரும்பி வருவதை அதே தெருவில் கொண்டுபோய் விட்டு, தையல் பிரியாமல் பார்த்துக்கொள்வது. வண்டிச் செலவும் ஆள் செலவும்தான். ஒரு தெருவில் உள்ள பெட்டை நாய்கள் எல்லாவற்றையும் இப்படி முடித்துவிட்டால், இரண்டு வருடம் கழித்து அந்தத் தெருவிலிருந்து எங்களுக்கு வரும் அழைப்பு குறைந்துவிடுகிறது. இதை என் அழைப்புப் பதிவேட்டிலேயே பார்க்கிறேன். துன்பத்தை இவ்வளவு குறைக்கும் வேறு வேலை எங்களிடம் இல்லை. அதற்கு நன்கொடை என்று தனியாகக் குறிப்பிட்டு வந்த தொகையைப் பேரேட்டில் தேடினால், போன வருடம் முழுக்க மூன்றே வரி. பிறக்காத குட்டிக்குப் படம் ஏது?

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று சொன்னதும் அந்த விதிகளின் அடிப்படையில்தான்: வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்ற நாய்களைக் கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு எடுத்த இடத்திலேயே விட வேண்டும், சோற்றைக் குறித்த இடத்தில்தான் போட வேண்டும். நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் இருக்கும் நாய்களை அகற்றிக் காப்பிடங்களில் வைக்கச் சொன்னது. அதன்பின் எங்கள் வாசலில் இரவோடு இரவாக நாய்களைக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இடம் இல்லாத இடத்தில் ஒரு நாயைக் கூடுதலாகச் சேர்த்தால், ஏற்கெனவே நோயோடு இருப்பவற்றிடமிருந்து அதற்கும் ஒட்டும்.

“மனுஷனுக்கே இல்ல, நாய்க்குக் கேக்கிறீங்களா?” என்று கேட்பவர்களுக்கு நான் வாதம் செய்வதில்லை. மனிதருக்குக் கொடுப்பவர்கள் மனிதருக்கே கொடுங்கள், அதுவும் தேவை. ஆனால் இத்தனை வருடக் கணக்கில் நான் கண்டது ஒன்று: எங்களுக்கு மாதா மாதம் கொடுக்கும் நூற்று நாற்பது பேரில் வசதியானவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பால் ஊற்றும் அம்மா ஒருவர் மாதம் ஐம்பது ரூபாய் கொடுக்கிறார். நான் ரசீது எழுதும்வரை நின்று, அதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போவார். அவருக்கு வரிவிலக்கு தேவையில்லை. பேரேட்டில் தன் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வரிவிலக்கு பற்றிக் கேட்கிறீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 80ஜி என்று நமக்குப் பழகிய சலுகையில், கொடுத்ததில் பாதித் தொகைக்குக் கழிவு உண்டு. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய் வரைதான் கணக்கில் வரும். அதற்கு மேல் காசோலையோ வங்கி வழியோ வேண்டும். புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு இந்தக் கழிவு கிடையாது. சம்பளக்காரர்களில் பெரும்பாலோர் இன்று அதற்குத்தான் மாறியிருக்கிறீர்கள். ஆகவே வரிக்காகக் கொடுங்கள் என்று உங்களிடம் கேட்க எனக்கு வாயில்லை. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் விலங்கு நலனும் சட்டப்படி அடங்கும். கேட்டிருக்கிறோம். அவர்கள் கட்டடமோ வண்டியோ தருவார்கள், பெயர்ப் பலகை வைக்கலாம். நொய்யில் பெயர்ப் பலகை வைக்க முடியாது.

நம் ஊர் வழக்கத்தில் கொடுப்பதற்குக் குறைவில்லை. தேய்பிறை அஷ்டமி அன்று பைரவருக்கு வேண்டிக்கொண்டு எங்கள் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். தயிர்சாதம், பால், பிஸ்கட், சிலர் பிரியாணி. பிறந்தநாள், திதி, கல்யாண நாள் என்றாலும் வருகிறார்கள். அந்த அன்பை நான் கும்பிடுகிறேன். ஆனால் அஷ்டமி அன்று ஐந்து இடத்துச் சோறு வந்து, தின்ன முடியாமல் தின்று, மறுநாள் பாதி நாய்கள் வாந்தி எடுக்கின்றன. மறுநாள் ஒரு வீட்டுச் சோறும் வராது. பரிகாரத்துக்கு வருகிறவர்கள் அந்தச் சோற்றின் விலையைப் பணமாகக் கொடுத்துவிட்டு, அக்கா பிசைந்த தட்டை உங்கள் கையால் எடுத்து வையுங்கள். நேர்த்தியும் நிறைவேறும், நாய்க்கும் வயிறு கெடாது.

நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் வீட்டில் அடுக்களை ஓரம் ஒரு மண்கலயம் இருக்கும். அம்மா உலைக்கு அரிசி களைவதற்கு முன், அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி அதில் போடுவார். வீட்டில் அன்று எத்தனை பேர், பஞ்சமா பண்டிகையா என்று பார்ப்பதில்லை. மாதக் கடைசியில் கோவிலிலிருந்து வந்து கலயத்தைக் கவிழ்த்து எடுத்துப் போவார்கள். அந்த ஒரு பிடி குறைந்ததால் எங்கள் வீட்டில் யாரும் பசித்துப் படுத்ததில்லை. பிடி அரிசி என்று அதற்குப் பெயர், உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். மாதம் நூறு ரூபாய். முடியாவிட்டால் ஐம்பது. எந்தப் படத்தையும் பார்க்காமல், எந்த நாயின் பெயரும் தெரியாமல், மாதம் தவறாமல்.

இப்போது தவறாமல் கொடுக்கும் நூற்று நாற்பது பேரோடு இன்னும் ஐந்நூறு பேர் சேர்ந்தால், சோறும் சம்பளமும் கேட்டு நான் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. எங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும் நினைவு வைத்து அனுப்ப வேண்டிய சிரமமும் இல்லை. யுபிஐ ஆட்டோபே போட்டுவிட்டால் தானாகப் போகும், வேண்டாம் என்றால் நீங்களே நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தினால் ஏன் என்று கேட்டு யாரும் உங்களை அழைக்கமாட்டோம். வீட்டில் ஆயிரம் கஷ்டம் வரும், எனக்குத் தெரியும்.

பணம் கொடுக்கும்முன் ஒன்றைக் கவனியுங்கள். போன கார்த்திகையில் நாங்கள் போட்ட படத்தை எடுத்து, எங்கள் பெயருக்குக் கீழே தன் கியூஆர் கோடை ஒட்டி யாரோ வசூல் செய்தார்கள். எவ்வளவு போயிற்றோ தெரியாது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். ரத்தப் படத்தை நாங்கள் நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்: பதறுகிற மனம் கணக்கின் பெயரைப் பார்ப்பதில்லை. அனுப்பும் முன் திரையில் அறக்கட்டளையின் பெயர் வருகிறதா, தனி ஆள் பெயரா என்று பாருங்கள். தனி ஆள் பெயர் வந்தால், அது என் பெயராகவே இருந்தாலும், அனுப்பாதீர்கள்.

எங்கள் பக்கம் நாங்கள் செய்ய வேண்டியதை எழுதிக் கொடுக்கிறேன். மாதா மாதம் ஐந்தாம் தேதிக்குள் முந்தைய மாத வரவு செலவை, அரிசிக் கடைப் பில் உட்பட, கொடுத்தவர்கள் அனைவருக்கும் அனுப்புவோம். எத்தனை வந்தன, எத்தனை பிழைத்தன, எத்தனை செத்தன என்று மூன்றும் அதில் இருக்கும். செத்ததை மறைக்கமாட்டோம். ஒரு குறிப்பிட்ட உயிருக்கென்று கொடுத்தால் அதற்கே செலவாகும். மீந்தால் உங்களைக் கேட்போம். எல்லாச் செலவுக்கும் பிறகு, இரண்டு மாதச் சோற்றுக்கு ஆகும் பணம் வங்கியில் சேர்ந்துவிட்டால், அதற்கு மேல் வருவது அத்தனையும் கருத்தடை வண்டிக்கும் தடுப்பூசிக்கும் போகும்.

பணம் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். பழைய லுங்கி, கிழிந்த போர்வை, கோணிச் சாக்கு, செய்தித்தாள் எல்லாம் எங்களுக்குத் தங்கம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வந்து நாய்களுக்கு உண்ணி எடுத்தால் போதும். கல்லூரிப் பிள்ளைகள் யாராவது தத்தெடுக்கத் தகுந்த குட்டிகளுக்கு நல்ல படம் எடுத்துத் தாருங்கள்: குளித்து, வயிறு நிறைந்து, வாலாட்டும் படம். இனி எங்களிடமிருந்து வரும் படங்கள் அப்படிப்பட்டவைதான்.

அழைப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நூறு ரூபாய் கொடுத்தவரின் அழைப்புக்கும் ஒரு காசும் கொடுக்காதவரின் அழைப்புக்கும் வண்டி ஒரே வேகத்தில்தான் வரும். வண்டி வரும்வரை பக்கத்தில் நில்லுங்கள், மேலே ஒரு துணியைப் போட்டு நிழல் செய்யுங்கள், வாயருகே கையைக் கொண்டுபோகாதீர்கள், தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள்.

என் மேசை வாசலுக்கு நேரே, வேப்பமரத்தடியில் இருக்கிறது. திங்கள் முதல் சனி வரை காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை பேரேடு திறந்தே இருக்கும். வந்து புரட்டிப் பாருங்கள். திருப்தியாக இருந்தால், புதுப் பக்கத்தில் உங்கள் பெயரை நீங்களே எழுதிவிட்டுப் போங்கள்.